மேரிக்கா இல்லாதது

என் மேசைக்கும் சோஃபியின் மேசைக்கும் நடுவில் ஒரு தொட்டிச் செடிதான் இருக்கிறது. கையை நீட்டினால் அவளுடைய காபியை எடுத்துக் குடித்துவிடலாம். ஆனாலும் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவள் முதலில் ஆபீஸ் செயலியில் ஒரு செய்தி அனுப்புவாள்: “இரண்டு நிமிடம் உன்னைத் தொந்தரவு செய்யலாமா?” நான் “செய்யலாம்” என்று பதில் போட்ட பிறகுதான் தலையைத் திருப்பி, “போன்ஜூர் மரீ” என்பாள். மேரி என்ற என் பெயர் இவர்கள் வாயில் அப்படித்தான் வரும். பிரான்சில் இந்த லியோன் நகரத்துக்கு வந்த புதிதில், இவளுக்கு என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றே நினைத்திருந்தேன். புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நான் பிறந்து வளர்ந்த மாதாகோயில் ஊரில் யாரும் யாரையும் தொந்தரவு செய்ய அனுமதி கேட்பதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவரும் சோப்பு நுரையோடு பதில் சொல்வார். இங்கே நகராட்சி அலுவலகத்தில் பிறந்த ஊர், அதாவது கொம்யூன், எதுவென்று கேட்டபோது, நான் பெருமையாக வில்லியனூர் என்றேன். அந்தப் பெண் பிரான்சின் வரைபடத்தில் வெகு நேரம் தேடிவிட்டு, “கிடைக்கவில்லையே மதாம்” என்று வருத்தப்பட்டாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

கொரோனா வந்தபோது எங்கள் கம்பெனி முழுக்க அந்தச் செயலிக்குள் குடியேறியது. பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி விற்கும் கம்பெனி. பள்ளிகளே மூடிக் கிடந்த நாட்கள் அவை. திங்கட்கிழமை தோறும் திரையில் சின்னச் சின்னச் சன்னல்களாக நாங்கள் கூடி, கம்பெனியை எப்படிக் காப்பாற்றுவது என்று திட்டம் போடுவோம். எங்கள் மேலாளர் ஒரே ஒரு விதிதான் சொன்னார். யாரும் தனியாகக் குசுகுசுக்க வேண்டாம், நல்லதோ கெட்டதோ பொதுச் சானலில் போடுங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியட்டும். ‘ட்ரான்ஸ்பரான்ஸ்’, அதாவது வெளிப்படை, என்று அதற்குப் பெயர். புதிதாக ஞானஸ்நானம் வாங்கினவளைப் போல நான் அதை நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். ஊருக்கும் அதைக் கொண்டுபோனேன்.

ஊரில் என் அண்ணன் சவரிமுத்து கல்யாண வீடுகளுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். “கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. கருமாதிக்கே ஆளு வரக்கூடாதுன்றான். அண்டாவயெல்லாம் கவுத்து வெச்சிட்டன் மேரி. மாஸ்டரும் வேற வேல தேடறன்றாரு” என்று ஃபோனில் சொன்னார். அப்போதுதான் யோசனை வந்தது. நோய் வந்து வீட்டோடு அடைபட்டுக் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். அண்ணனுக்கு அடுப்பு எரிய வேண்டும். எங்கள் கம்பெனிச் செயலியை அவர்களுடைய ஃபோன்களிலும் போடவைத்து, ஆர்டர், சமையல், டெலிவரி என்று மூன்று சானல்கள் திறந்தேன். அண்ணன், அண்ணி ஜெசிந்தா, ஆட்டோ ஓட்டிச் சாப்பாடு கொண்டுபோகும் அன்பு, சமையல் மாஸ்டர், நான். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

“இன்னா மேரி இது, அடுப்பாண்ட நிக்கறவருக்கு அம்மிக்கல்லாண்டருந்து மெசேஜ் போட சொல்ற? கூப்ட்டா திரும்பிப் பாப்பாருல்ல?” என்றார் அண்ணி. அண்ணன் ஒருநாளும் எழுதவில்லை. எல்லாம் குரல் செய்திதான். தாளிக்கும் சத்தமும், மாஸ்டரோடு போடும் சண்டையும், நடுவில் “மேரி, இன்னா சாப்ட்ட?” என்ற கேள்வியும் அதில் கலந்து வரும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் மைக்கை மூட மறந்துவிட்டு அதைக் கேட்பேன். ஸ்ட்ராட்டஜி பேசிக்கொண்டிருக்கும் மேலாளரின் தலைக்கு மேல் எங்கள் அண்ணன் வெங்காயம் பத்தவில்லை என்று கத்துவார். ஆனாலும் வேலை நடந்தது. கரிக்கலாம்பாக்கத்துப் புது மனைகள் வரை எங்கள் சாம்பார் போனது. மாஸ்டரும் வேறு வேலை தேடுவதை விட்டுவிட்டார்.

இரண்டாவது அலையில் ஊர்ச் செய்தியெல்லாம் படுக்கை இல்லை, ஆக்ஸிஜன் இல்லை என்றே வந்தது. எங்கள் சானல்கள் மட்டும் கண்ணாடி போலச் சுத்தமாகிவிட்டன. “இன்று எல்லா ஆர்டரும் கொடுத்தாச்சு. எல்லாரும் நலம்.” தினமும் இதே மாதிரி ஒரு வரி, அண்ணன் பெயரில். ஒருவழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. மேலாளரிடம் சொன்னேன். அவர் அதை எல்லோருக்கும் காட்டச் சொன்னார். என் திரையைக் கூட்டத்தில் திறந்து, புதுச்சேரிக் கிராமத்துச் சமையற்கட்டு எப்படி நம் வழியில் நடக்கிறது பாருங்கள் என்று விளக்கினேன். கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் சோஃபியிடமிருந்து செய்தி. “கொஞ்சம் அந்தரங்கமான கேள்வி. கேட்கலாமா?” கேள் என்றேன். “உன் அண்ணன் ஏன் இப்போது பேசுவதில்லை? முன்பெல்லாம் குரல்தானே அனுப்புவார். நீ காட்டினதில் கீழே முழுக்க எழுத்தாக இருக்கிறதே.”

திரும்பப் பார்த்தேன். என் அண்ணன் பிறந்ததிலிருந்து ‘நலம்’ என்ற சொல்லைச் சொன்னவரில்லை. எழுதி முற்றுப்புள்ளி வைக்கிற ஆளும் இல்லை. கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்.

“அண்ணன் எங்க அண்ணி?”

“குளிக்கறாரு மேரி.”

கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டால், “தூங்கறாரு.”

“அண்ணி, வீடியோவப் போடுங்க.”

வீடியோ வந்தது. அண்ணிக்குப் பின்னால் வீடு இல்லை, ஆஸ்பத்திரி கேட் இருந்தது. அன்புவின் ஆட்டோ நின்றது. “ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்கம்மா. உள்ள வுட மாட்டன்றான். உன்கிட்ட சொல்லி இன்னாவாவப் போவுது? ஃப்ளைட்டும் இல்ல. தனியா ஒக்காந்து அழுவ. அவருதான் சொல்லாதன்னாரு” என்று சொல்லிவிட்டு அண்ணியே உடைந்து அழுதார். அப்புறம்தான் தெரிந்தது, அவர்களுடைய ஃபோன்களில் எனக்குத் தெரியாமல் இன்னொரு க்ரூப் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் செய்தி, தீர்ந்துபோன அரிசி, கையைச் சுட்டுக்கொண்ட மாஸ்டர் எல்லாம் அதில். நான் திறந்த சானல்கள், அண்ணன் பெயரில் அண்ணி போட்ட வரியோடு, எனக்குக் காட்டுவதற்காக மட்டும் நடந்துகொண்டிருந்தன. அன்பு அந்த க்ரூப்புக்கு ‘மேரிக்கா இல்லாதது’ என்று பெயர் வைத்திருந்தான். “அங்க போட வேண்டியத இங்க போட்டுடக் கூடாதுல்லக்கா. அதான் பேர்லயே எழுதி வெச்சிட்டன்” என்றான், தலையைச் சொறிந்துகொண்டு.

கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. என் கம்பெனியில் பாதி வேலை, பாதிச் சம்பளம் என்று ஆக்கி வெகு நாளாகியிருந்தது. எனக்கும் ஒரு வாரம் காய்ச்சல் அடித்து ஓய்ந்திருந்தது. இரண்டையும் நான் ஊருக்குச் சொல்லவில்லை. கடல் தாண்டி இருப்பவர்களுக்கு நல்ல செய்தி மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் எழுதிவைக்காத சட்டம். இதைப் படிக்கும் புலம்பெயர்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? நம்மைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைப்போம். உண்மையில் நம்மை விருந்தாளியாக்கி வாசலில் உட்காரவைத்திருப்பார்கள்.

“என்ன அந்த க்ரூப்ல சேருங்க” என்றேன்.

“சேந்து இன்னா பண்ணுவ?”

“ஆர்டர் எடுக்கறேன். நீங்க அண்ணனுக்காகக் கேட்ல நில்லுங்க.”

சேர்த்தார்கள். ஆர்டர் ஃபோனுக்கு வரும் செய்திகளை என் கணினியிலும் திறந்துகொண்டேன். லியோனில் விடியும்போது அங்கே மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லத் தொடங்குவார்கள். ரசம் மட்டும் போதும் என்பவர்கள், குழந்தைக்குக் காரமில்லாமல் கேட்பவர்கள், நேற்று நாலு சாப்பாடு கேட்டு இன்று மூன்று போதும் என்பவர்கள். அந்த மூன்றைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு பெரியவர் நான் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, “எங்கேர்ந்து பேசற தாயி?” என்றார். லியோன் என்றேன். “அது திருக்கனூர் தாண்டியா?” என்றார். “அதுக்கும் கொஞ்சம் தாண்டி” என்றேன். அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. அண்ணன் கண் திறக்கும்போது அது எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தின் நடுவில் அந்த க்ரூப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. மைக் திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அழுத்தினேன். நிறைய மூச்சு, கொஞ்சமே குரல். “மேரி... இன்னா சாப்ட்ட?” ஏதாவது பிரச்சினையா என்று மேலாளர் கேட்டார். சோஃபி தன் மைக்கைத் திறந்து, முதல் தடவையாக யாரிடமும் அனுமதி கேட்காமல், “அவர்தானே? அவர்தானே மரீ?” என்று கத்தினாள். நான் தலையாட்டினேன். அவளும் அழுதாள்.

இப்போது ஊரில் கல்யாணங்கள் திரும்பிவிட்டன. அண்ணன் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கத்துவது குறையவில்லை. நான் திறந்த சானல்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த க்ரூப் மட்டும் ஓடுகிறது. அண்ணனுக்குச் சர்க்கரை ஏறியதும், அண்ணிக்கும் மாஸ்டருக்கும் பேச்சுவார்த்தை நின்றதும் அதில்தான் வந்தன. பெயரை மாற்றச் சொன்னேன். “பழகிப்போச்சுக்கா, மாத்தினா தேட முடியாது” என்றான் அன்பு.

ஆபீஸ் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில், நான் இங்கே இருப்பதாகப் பச்சைப் புள்ளி எரிகிறது. இன்று காலை சோஃபி செடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொந்தரவு செய்யலாமா என்று கேட்டபோதுதான் ஃபோனும் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மேலே ‘மேரிக்கா இல்லாதது’ என்ற பெயர். அதன் கீழே அன்பு கேட்டிருந்தான்: “மேரிக்கா, இருக்கியா?”

இருக்கேன் என்று போட்டேன்.