மேபல் செய்த குளிர்காற்றுப் பெட்டி

மேபலுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கடையின் மேல்மாடியில் பதினாறு வருடமாக மெசின்களைப் பழுதுபார்ப்பவள் அவள். அவள் வாயைத் திறக்காத நாட்களில் தையல்காரிகள் கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்வார்கள்.

2022 மார்ச், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம். நாள்தோறும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை, டீசலும் இல்லை. முதலாளி சவுந்தரநாயகம் ஜெனரேட்டரை மெசின்களுக்கும் தன் அறை ஏசிக்கும் மட்டும் ஓடவிட்டார். தையல் கூடத்தின் மின்விசிறிகள் நின்றன. வெள்ளைத் துணியில் தெருத்தூசி படியக்கூடாதென்று ஜன்னல்களை எப்போதோ ஆணியடித்து மூடியிருந்தார். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே பதினான்கு பெண்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணியான றேணுகா ஒரு மத்தியானம் மெசின்மேலேயே சரிந்தாள். தண்ணீர் தெளித்து அவளைப் படியில் உட்காரவைத்தார்கள். அறையிலிருந்து வந்த சவுந்தரநாயகம் அவள் கையிலிருந்து விழுந்த சட்டையை எடுத்தார். அழுக்குப் பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரை நாள் லீவு போட்டுட்டு வீட்டை போகச் சொல்லுங்கோ" என்றார்.

மேபல் அன்று மாலைவரை ஒரு சொல்லும் பேசவில்லை.

சனிக்கிழமை பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு பழைய கார் ரேடியேட்டர் விசிறி வாங்கினாள். மீன்தொட்டிக்குப் போடும் சின்னப் பம்பும் வாங்கினாள். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை மூன்று பக்கத்தில் வெட்டித் திறந்து, அங்கே கம்பிவலை கட்டி, அதற்குள் தேங்காய் நாரான தென்னந்தும்பை அடைத்தாள். பம்பு அடித்தண்ணீரை மேலே ஏற்றும், அது தும்பில் சொட்டி இறங்கும், விசிறி அந்த ஈரத்தின் ஊடாகக் காற்றை இழுத்து வெளியே தள்ளும். மின்வெட்டுக்கென்று வீட்டில் வைத்திருந்த சோலார் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து கடைக்கூரையில் கட்டினாள்.

கொழும்புக் காற்றே ஈரக்காற்று. இந்தப் பெட்டி ஏசி மாதிரிக் குளிராது என்று அவளுக்குத் தெரியும். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் சூடு கொஞ்சம் இறங்கினாலே போதும். றேணுகாவின் பக்கத்து ஜன்னலில் மட்டும் ஆணியைப் பிடுங்கித் திறந்துவைத்தாள். காற்று வந்ததும் றேணுகா கழுத்தை நிமிர்த்தி, "அக்கா, மூச்சு வருது" என்றாள்.

மறுநாள் காலை பெட்டியைக் காணவில்லை. அது முதலாளியின் அறையில் இருந்தது. டீசலை மிச்சம்பிடிக்க ஏசியை நிறுத்திவிட்டு, கதவையும் ஜன்னலையும் இறுக மூடி அதை ஓடவிட்டிருந்தார். மத்தியானம் அவர் சட்டை முதுகோடு ஒட்ட வெளியே வந்தார்.

"மேபல், என்ன சாமான் செய்திருக்கிறீர்? பைல் எல்லாம் ஈரமாப் போச்சு."

"மூடின அறைக்குள்ள இது வேலை செய்யாது சேர். உள்ள காத்து வெளியில போகவேணும். இல்லாட்டி ஈரம்தான் சேரும்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கேல்லையே. கேக்காமத்தானே எடுத்தீங்க."

"கடைக்குள்ள இருக்கிறது கடைச் சாமான்."

"பீப்பா என்ட. பலகை என்ட வீட்டு லைட்டுக்கு வாங்கினது. அதைக் கழட்டின நாள்ல இருந்து நான் இருட்டிலதான் சாப்பிடுறன். உங்கட அறை குளிருறதுக்கு இல்ல சேர். அண்டைக்கு றேணுகா விழுந்து கிடக்கேக்க நீங்க சட்டையத்தான் பாத்தீங்க."

மெசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. துணி வெட்டும் யூஜினா எழுந்து வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அதைக் கூடத்துக்கு இழுத்துவந்தார்கள். பிறகு மேபல் குறடு ஒன்றை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்ச ஜன்னல்களின் ஆணிகளையும் பிடுங்கினாள். வெள்ளைத் துணியைப் பெண்கள் பொலித்தீனால் மூடினார்கள்.

"நாளைக்கு நீர் வரத் தேவையில்ல" என்றார் சவுந்தரநாயகம்.

"கடிதத்தில தாங்கோ."

கடிதம் வரவில்லை. பாடசாலை தொடங்கச் சீருடை கொடுத்தாக வேண்டும், பழைய மெசின்களைத் தெரிந்த வேறு ஆளும் இல்லை. ஜன்னல்களை அவர் மறுபடி மூடவில்லை. ஆனால் றேணுகாவின் லீவில் கழித்த அந்த அரை நாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மேபல் திங்கள்தோறும் கேட்டாள். அவர் திங்கள்தோறும் "பாப்பம்" என்றார். றேணுகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் துணி வாங்க வருகிறவர்களிடம் அவர் பெட்டியைக் காட்டி, "என்ட பிள்ளையளுக்காக நாங்க செய்தது" என்கிறார். ஒவ்வொரு தடவையும் மேபல் கைவேலையை நிறுத்தி எழுந்து நிற்பாள்.

"நான் செய்தது" என்பாள், வந்தவர்களைப் பார்த்து.