ஹார்ட் டிஸ்க் ஆறட்டும்

வாப்பா சவுதிக்குத் திரும்பிப் போன அன்று, எங்கள் மேலப்பாளையம் வீட்டு மேசையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று செங்கல் கனம். சுவரில் தனியாக பிளக் சொருகினால்தான் ஓடும். இன்னொன்று வாப்பாவின் சட்டைப் பைக்குள் அடங்கும். லேப்டாப்பில் சொருகினாலே போதும். இரண்டின் மேலும் ஒரு டிபி என்றே எழுதியிருந்தது. நான்காம் வகுப்பில் லிட்டர் கணக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய குழப்பம். குடமும் டம்ளரும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் என்றால் யார் நம்புவார்கள்? இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, அது சின்னதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பெரியதற்குள் மூன்று வருட வீடியோக்கள் இருந்தன. உம்மாவின் போன் நிரம்பும்போதெல்லாம் மாமா வந்து அதில் ஏற்றிவைப்பார். தம்பி குப்புற விழுந்தது, முதல்முதலாக நடந்தது, என் பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாம் அதில்தான். வாப்பாவின் லீவு முழுக்கக் கல்யாணமும் விருந்துமாகவே ஓடிவிட்டதால் ஒன்றையும் அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. கிளம்புகிற அன்று மத்தியானம்தான் மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா உம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை.

“பெருசையே கொண்டு போயிட்டா என்ன மாப்ள?” என்று வாப்பா கேட்டார்.

“சரிவராது மச்சான். உள்ள தட்டு பெருசு, வேகமாச் சுத்தும், சூடு ஏறும். ஒரே ரூம்ல எட்டுப் பேரு கெடக்கிய, பிளக்குக்கு எங்க போவிய? சின்னது மெதுவாச் சுத்தும், அவ்வளவு சூடாகாது.”

“அப்ப சின்னதுதான் நல்லதா மாமா?” என்றேன்.

“ஏட்டி, எது எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது. அதான் ரெண்டுலயும் வைக்கோம்.”

இந்தப் பதில் என்னை இன்னும் குழப்பியது. காப்பி ஓட ஆரம்பித்ததும் மாமா என்னைப் பக்கத்தில் நிறுத்தி, எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்ப ஓடவிடுவது என்று காட்டிக்கொடுத்தார். பெரியதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும், கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்தி ஆறவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மூன்று மணி நேர வேலை. திருவனந்தபுரம் போகும் வேன் ஆறு மணிக்கு.

பயணம் போகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாப்பாவின் அக்கா தங்கைகளான என் மாமிமார் நான்கு பேர் வீடு அப்போதும் பாக்கி. “இது ஏறி முடியட்டும், ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்திருதேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. உம்மா அடுக்களையிலிருந்து வந்து பெரியதைத் தொட்டாள்.

“சுடுதே. நிறுத்து புள்ள.”

நானும் அப்போதுதான் தொட்டிருந்தேன். டீ ஆறிய டம்ளரின் சூடுதான் இருந்தது. ஆனால் உம்மா தோசைக்கல்லைத் துணி பிடிக்காமல் நகர்த்துகிறவள். அவளுக்கே சுடுகிறது என்றால் என் கைக்குத்தான் உணர்ச்சி இல்லை போலிருக்கிறது என்று பயந்துபோய் நிறுத்தினேன்.

“ஆறட்டும். அதுக்குள்ள ரெண்டு இடியாப்பம் சாப்பிடுங்க” என்றாள் வாப்பாவிடம். வாப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி வந்து தொட்டாள், மறுபடி சுட்டது. இந்தத் தடவை வட்டலப்பம். மூன்றாம் தடவை கொண்டுவர ஒன்றும் இல்லை. மின்விசிறியை டிஸ்க் பக்கம் திருப்புவாள் என்று பார்த்தேன். வாப்பா பக்கம் திருப்பிவிட்டு அவர் அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

வேன் வந்தபோது பாதிதான் ஏறியிருந்தது. வாப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் மூன்றாம் தடவை ஹாரன் அடித்ததும் சின்னதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “போதும். பாதியாவது இருக்கே” என்று என் தலையைத் தடவினார். மாமிமாருக்கு வேனில் இருந்தபடி போனில்தான் பயணம் சொன்னார். நான்கு பேரும் ஒரு மாதம் உம்மாவோடு பேசவில்லை.

நான் ராத்திரி முழுக்க அழுதேன். தம்பி நடந்த வீடியோ அந்தப் பாதியில் இல்லை. என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தார்கள், நான் கெடுத்துவிட்டேன் என்று இருந்தது.

மறுநாள் மாமா வந்து, சோதித்துப் பார்க்கப் பெரியதை மூன்று மணி நேரம் விடாமல் ஓடவைத்தார். மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “இதெல்லாம் ஒரு சூடா? இதுக்குப் போயி யாரு நிறுத்தச் சொன்னா?”

நான் உம்மாவைக் காட்டினேன். உம்மா குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. மாமா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நேத்து சுட்டுருக்கும். பெருசுன்னா சில நேரம் அப்படித்தான்” என்று என்னிடம் பைய சொல்லிவிட்டு, வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஒரே நிமிடத்தில் இப்படிப் பேச்சை மாற்றுகிறாரே, மாமாவுக்குத் தொழிலே தெரியாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மத்தியானம் முழுக்க வாப்பா ஒரு மாமி வீட்டுக்கும் போகாமல் எங்களோடேயே இருந்தார் என்பதைக் கணக்கில் சேர்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.