பந்து நுழையாத இடைவெளி

பால்கனிக்குப் புதிய கைப்பிடி வைக்க வந்தவர் இரும்புக் கம்பியை அறுக்கத் தொடங்கியதும் அந்தச் சூடான வாடை மூக்கில் ஏறியது. எனக்கு ஆரியசாலை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே ஒரு மளிகை மண்டிக்கு மேலே வாடகைக்கு இருந்தோம். மாடி வராந்தாவின் மரக் கைப்பிடி உளுத்து விழுந்தும் வீட்டுக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மழைநாளில், உருண்டோடிய ரப்பர் பந்தின் பின்னாலேயே ஓடிய என் தம்பி தெருவில் விழுந்து இறந்துபோனான்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா பழைய கம்பிகளை எடைக்கு வாங்கி வந்தார். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. தானே அறுத்து, மரச்சட்டத்தில் துளையிட்டு, ஒவ்வொன்றாக நட்டார். கீழே மண்டியிலிருந்து மிளகாய் நெடி ஏறிவர, மேலே இரும்புத்தூள் பறந்தது.

"இவ்வளவு நெருக்கமா எதுக்கு அண்ணாச்சி? குறச்சு அகலம் விட்டா கம்பி மிச்சமாகுமல்லோ?" என்றார் மண்டிக்காரர்.

அப்பா கம்பியை நட்டதும் தம்பியின் பந்தை இடைவெளியில் வைத்துப் பார்ப்பார். அது நுழையாவிட்டால்தான் அடுத்த கம்பி.

அம்மா உள்ளே படுத்தபடியே கேட்டாள்: "இனி யாருக்காக இதெல்லாம் செய்யுதீய?"

அப்பா பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சேச்சி, கம்பிக்குக் கம்பி எவ்வளவு கேப் விடணும்?"

கைப்பிடி வைக்க வந்தவர் டேப்பை நீட்டியபடி நின்றார். எனக்கு இஞ்சுக் கணக்கு வாயில் வரவில்லை. இரண்டு கைகளையும் பந்தளவுக்குக் குவித்துக் காட்டினேன்.

"இது வெளிய போயிடக் கூடாது."