பேண்டேஜ் துணி ஆமை

எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. அதற்கு வேண்டிக்கொள்ளத்தான் திருச்செந்தூர் போயிருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். கடலில் குளித்துக் கரையேறினால், மணலில் ஒரு பெரிய ஆமை செத்துக் கிடந்தது. நைலான் வலை அதன் கழுத்தை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கண் இருந்த இடத்தில் நண்டு மேய்ந்தது. பையன்கள் அதன் முதுகில் ஏறிக் குதித்தார்கள். ஒருத்தன் குச்சியை விட்டு வாயை நோண்டினான். பாலித்தீன் பை ஒன்று நீளமாக வந்தது. "ஏலே, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிட்டு வந்திருக்குலே!" என்றான். பெத்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் கண்ணைப் பொத்திக்கொண்டு முருகனைப் பார்க்க நடந்தேன். இவர் வரவில்லை. தரிசனம் முடித்துத் திரும்பினால், கரையில் கிடந்த வலைத் துண்டையும் பாலித்தீன் பைகளையும் பொறுக்கித் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி கும்பிட வரலையா?"

"நீ கும்பிட்டேல்ல. அது போதும்."

இவர் இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். பரீட்சை நெருங்கினால் இவர் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். இவரும் வாய் திறக்காமல் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர், ஊருக்கு வந்ததும் மூங்கில் சிம்பையும் கட்டுக்கம்பியையும் வைத்து ஓர் ஆமை கட்ட ஆரம்பித்தார். எங்கள் தெருவுக்குப் பின்னால் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை. அங்கே கழித்துப் போட்ட வேஸ்ட் துணியை அள்ளி வந்து, அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதுபோலச் சுற்றினார். வயிற்றை மட்டும் திறந்துவிட்டு, அந்த வலையையும் பைகளையும் குடல் மாதிரித் தொங்கவிட்டார். முன்னறை பூராவும் அதுதான். நாங்கள் அடுப்படியில் படுத்தோம்.

இவருடைய அக்கா வந்து பார்த்தார். மதினி என்று கூப்பிடுவேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, ஆமையை நடுவீட்டுல வச்சுக்கிட்டா உன் வயித்துல புள்ளை தங்கணும்னு கேக்குத? வெளங்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. இவர் கம்பியை முறுக்கிக்கொண்டே, "அக்கா, பெருமாளே ஆமையா வந்தவருதான். வாயை மூடு" என்றார்.

மதினி வாயை மூடினார். ஆனால் பெருமாள் என்ற அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து சில ஓவியர்கள், கடலைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தி வந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் சேரும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்களும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து வைக்கலாம். தேரன்று சாயங்காலம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தது சென்னைக்குப் போகும். இவருக்கு அது ஒன்றுதான் வேண்டும். தூக்கத்தில்கூட அந்தப் பேச்சுத்தான்.

தேருக்கு முந்தின நாள் ஆமையை மண்டபத்தின் நடுவில் கிடத்தினார். பார்க்க வந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

"என்னலே இது, லாரி ஏறிருச்சா? இம்புட்டுக் கட்டுப் போட்டிருக்கு?"

"வாத்தியாரே, கறி எத்தனை கிலோ தேறும்?"

வந்தவனிடமெல்லாம் இவர் நின்று சொன்னார். கடலில் வீசுகிற வலையும் பையும் அதைக் கொல்லுது ஐயா என்று. வத்திராயிருப்பு பக்கத்து விவசாயி ஒருவர், "எங்க கம்மாயிலயே தண்ணியில்ல. கடல்ல கிடக்க ஆமைக்கு நான் என்னய்யா செய்ய?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் அதற்கும் தலையாட்டினார்.

தேரன்று மதினி வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் பூக்கூடை. கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பதையும் பார்த்தார். தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று பொறுக்கவில்லையோ, வேறு என்னவோ, சத்தம் போட்டார்: "யாத்தே, என்ன சிரிப்பு? இது கூர்மாவதாரம்! மலையைத் தாங்குன பெருமாளு!"

சிரிப்பு நின்றது. ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். ஒரு பெரியவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "கோவிந்தா!" என்று யாரோ கத்த, மண்டபமே கத்தியது. மாலை விழுந்தது, துளசி விழுந்தது. இவர் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"ஐயா, சாமி இல்லைய்யா. இது செத்த ஆமை. வலையில மாட்டிச் செத்தது. வயித்தைப் பாருங்க..."

"சாமியைச் செத்ததுங்கான். நாக்கு அழுகிரும்லே!"

ஒருவர் இவரைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். அதற்குள் வாசலில், "சென்னைக்காரர் வந்துட்டார்" என்று குரல் வந்தது. இவர் சட்டையைச் சரி செய்துகொண்டு அவரை அழைத்துவர ஓடினார்.

மதினி என் கையைப் பிடித்து இழுத்து ஆமையின் முன்னால் நிறுத்தினார். வெற்றிலையில் கற்பூரத்தை வைத்தார்.

"கும்பிடுட்டி. உனக்காகத்தான் ஏத்துதேன். உன் வயிறு திறக்கட்டும்."

நான் கண்ணை மூடினேன். தாயே ஆண்டாளே, ஒரு பிள்ளை கொடு என்று கேட்டேன். புழுக்கத்துக்குப் பெரிய மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் துணியின் ஒரு நுனி பறந்து கற்பூரத்தில் விழுந்திருக்கிறது. சூடு முகத்தில் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

பேண்டேஜ் துணி பஞ்சு மாதிரி. குப்பென்று பிடித்தது. கும்பிட்டவர்கள் எல்லோரும் ஓடினார்கள். இவர் மட்டும் உள்ளே வந்தார். வெறுங்கையை வயிற்றுக்குள் விட்டு அந்த வலையை இழுத்தார். நைலான் உருகிச் சொட்டியது. சொட்டினது இவர் விரல்களில் ஒட்டியது. உதறினால் போகவில்லை. நான் கத்திக்கொண்டே இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

தண்ணீர் ஊற்றி அணைத்தபோது கம்பியும் கரி மூங்கிலும்தான் மிச்சம். சென்னைக்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மத்த படத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை பார்ப்போம் சார்" என்றார்.

"செத்ததுன்னு சொன்னான்ல. பெருமாளு காட்டிட்டாரு" என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். மதினியும் அங்கேதான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர், "எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டார்.

"ஆமை தீப்பிடிச்சிருச்சு" என்றார் இவர்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து ரூமில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "இன்னொருக்க சொல்லுங்க சார்" என்றார். இவர் இன்னொரு முறை சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே சுற்றினார்கள். எங்கள் ஊர்த் துணிதான். அதே வெள்ளை.

வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டினது ஒட்டினதுதான். சாக்பீஸ் நிற்காது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியடை மொத்தமாகக் கணக்கு வாத்தியாருக்கே கொடுத்துவிட்டு, இவரை ஆபீசில் மணி அடிக்கச் சொன்னார்கள். பிள்ளையும் பிறக்கவில்லை. மதினியைக் கேட்டால் இரண்டுமே அந்த ஆமையின் பலன்தான்.

நான் சாமியை விடவில்லை. விட எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றித் தட்டை இவர் முன்னால் கொண்டுபோவேன். இவர் கையை நீட்டமாட்டார். ஒரு தரம் மட்டும் பேசினார்.

"எரிக்க எங்கிட்ட இனிமே ஒண்ணுமில்லைன்னு உன் சாமிகிட்ட சொல்லிரு."

நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டை உள்ளே எடுத்துப் போனேன்.