அவர் பெட்டியில் இருந்த விடைத்தாள்கள்

வந்தவர் தன்னை முன்னாள் தூதர் என்றார். அதற்கு முன் மந்திரி, அதற்கும் முன் பள்ளி ஆசிரியர். மகளின் ஆப்பரேஷனுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பினாங்கு வந்திருந்தார். நான்கு வீட்டில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் என் மாடி அறையும் கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரி நாற்காலிதான் கதி என்றார். கதை நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒரு வரிகூட இறங்கவில்லை.

முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் குப்பை கொட்டியவள் நான். பொய்யை முகத்திலேயே படிப்பேன். ஆனாலும் மகள் என்று சொன்னதால், ஒரு வாரம் பார்ப்போம் என்று சாவியைக் கொடுத்தேன்.

எதிரே மசாலாக் கடை வைத்திருக்கும் பாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சர், அம்பாசடர்னா பெரிய ஹோட்டல்ல தங்குவாரு. உங்க மாடிக்கு ஏன் வராரு? ஆள நம்பாதீங்க லா."

தினமும் படி இறங்கும்போது அவர், "குட் மார்னிங், டீச்சர்" என்பார். அந்தப் பணிவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில், தூதராக இருந்த காலத்தில் எந்த விமான நிலையத்திலும் தன் பெட்டியை யாரும் திறந்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி என் மண்டையைக் குடைந்தது. அப்படி என்னதான் வைத்திருக்கிறார் மனுஷன்?

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு காலையில் என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் அறையைத் திறந்தேன். பெட்டிக்குப் பூட்டே இல்லை. இரண்டு சட்டை, நூலால் கட்டிய பழைய விடைத்தாள் கட்டு ஒன்று. பெயர், வரிசை எண், சிவப்பு மையில் மதிப்பெண். அட, ஆள் நிஜமாகவே வாத்தியார்தான்! ஆனால் எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. இருபத்தொன்று, நான்கு, பதினேழு. பழகிய கை சும்மா இருக்குமா? ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்கி, ஓரம் தட்டி, கட்டி வைத்துவிட்டேன். செய்த காரியம் படி இறங்கும்போதுதான் உறைத்தது. சீ, எவ்வளவு பெரிய மடத்தனம்!

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "குட் மார்னிங், டீச்சர்" நிற்கவும் இல்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்று நான்தான் வெந்துகொண்டிருந்தேன். அறையைக் காலி செய்யச் சொல்ல அதன்பின் எனக்கு வாய் வரவில்லை.

மகள் குணமாகி ஊர் திரும்பும் நாளன்று, கூடத்து மேசையில் பெட்டியை வைத்து அவரே திறந்தார். ஒரே கட்டாக இருந்த தாள்கள் இப்போது இரண்டாக இருந்தன.

"வரிசை எண்படி அடுக்கியது ஒரு டீச்சரின் கைதான் என்று அன்றே தெரிந்தது," என்றார். "இது நான் கடைசியாகப் பாடம் நடத்திய வகுப்பு. உயிரோடு இருக்கிறவர்களை அடியில் வைத்திருந்தேன். போருக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளை மேலே வைத்திருந்தேன். அந்தப் போருக்குக் கையெழுத்துப் போட்ட மந்திரிகளில் நானும் ஒருவன்."

நான் இரண்டு கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீங்கள் இரண்டையும் கலந்துவிட்டீர்கள். பிரிப்பதற்கு ஒவ்வொரு பெயராக மறுபடி படிக்க வேண்டியிருந்தது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பெட்டியின் மூடியைப் பிடித்தபடியே நின்றார்.

"மூடிவிடட்டுமா, டீச்சர்? இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?"