மத்தி உரம் போட்ட கறிவேப்பிலை

எங்கள் வீட்டில் மீன் என்ற சொல் ராசிபலன் வாசிக்கும்போது மட்டுமே உச்சரிக்கப்படும். அதுவும் என் மனைவி மீன ராசி என்பதால், வேறு வழியில்லாமல். மட்டாஞ்சேரியில், காலையில் மீன்வண்டியின் ஹாரன் கேட்டுக் கண்விழிக்கும் தெருவில், தலைமுறைகளாக இப்படி வாழ்வது ஒரு சாதனை. பிடிவாதம் என்றும் சொல்லலாம். எங்கள் குடும்பத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த வீட்டு மொட்டைமாடிக்குத்தான் மத்தி மீன் ஏறியது.

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு மனைவி கறிவேப்பிலைப் பொடி செய்து விற்க ஆரம்பித்தாள். பொழுதுபோக்கு என்று நினைத்தேன். வைட்டிலாவிலிருந்தும் களமசேரியிலிருந்தும் தமிழ் வீட்டுப் பெண்கள் ஃபோன் செய்து பொடி கேட்கத் தொடங்கிய பிறகு, இந்த வீட்டில் பொழுதுபோக்கு என்பது நான் பத்திரிகைகளுக்கு எழுதும் நகைச்சுவைக் கட்டுரைதான் என்று தெளிவாயிற்று. கடை இலையில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் சொந்த மரம்தான் வேண்டும் என்றாள். முற்றத்து மண் ஆகாது. கடல் ஏற்றத்தின்போது காயல் தண்ணீர் வாசல்படிவரை வந்து, உப்பை விட்டுவிட்டுத் திரும்பும். எனவே மாடியில் ஐந்து நீலப் பீப்பாய்களில் மரங்கள் வளர்ந்தன. நன்றாகவே வளர்ந்தன, போன வருஷம் வரை.

பிறகு மஞ்சளாயின. புளித்த மோர் ஊற்றினாள், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாள், கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். புதுத் துளிர் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுபோயிற்று. மரம் போனால் பொடி போயிற்று. “பொடியும் போச்சுன்னா, நான் மறுபடி உங்க கட்டுரைக்கு மொத வாசகியா உக்காரணும். என்னால ஆகாது, கேட்டேளா?” என்றாள். நிலைமையின் தீவிரம் எனக்குப் புரிந்தது.

எதற்கும் முதலில் புத்தகத்தைப் பிரிப்பது என் வழக்கம். காட்டில் உதிரும் இலை அங்கேயே மக்குகிறது. அதிலிருந்த தழைச்சத்து மண்ணுக்குள் இறங்கி, வேர் வழியாக மறுபடி இலைக்கு ஏறுகிறது. எங்கள் மாடியில் ஓர் இலைகூட உதிர்ந்ததில்லை. மனைவி உதிர விட்டதில்லை. பீப்பாய் மண்ணிலிருந்த சத்தெல்லாம் இலையாகி, பொடியாகி, டப்பாவில் ஏறி வைட்டிலாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் எங்கே போகிறது என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். நிச்சயமாக எங்கள் மாடிக்குத் திரும்பி வரவில்லை. இதை நான் விளக்கியதும் மனைவி கையிலிருந்த பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ மரத்தையே கொஞ்சம் கொஞ்சமா டப்பாவுல அடைச்சு அனுப்பிண்டிருந்தேனா?”

மருந்து சொன்னது பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி. அவர் மாடியில் பாகற்கொடி கைப்பிடிச்சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து பெருமையடித்துக்கொண்டிருந்தது. “மத்தியும் சர்க்கரையும் சமம் சமமா இட்டு அடைச்சு வெச்சா மதி, சாமி. பின்னே அது வளர்ந்நோளும்” என்றார். மதி என்றால் போதும்; சர்க்கரை என்று அவர் சொன்னது வெல்லத்தை. வெல்லத்தில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நான் மனைவியிடம் வாதாடினேன். மலையில் உதிர்ந்த இலையின் சத்தை மழை ஆற்றில் சேர்க்கிறது, ஆறு காயலில், காயல் கடலில். அதைப் பாசி தின்கிறது, பாசியை மத்தி தின்கிறது. ஆக மத்தி என்பது நீந்தப் பழகிய இலை. அணுவுக்கு ஆச்சாரம் கிடையாது. என் வாழ்நாளில் பேசியவற்றில் சிறந்த பேச்சு என்று இன்றும் கருதுகிறேன்.

“மலை எலை நேரே வந்திருந்தா நன்னாயிருந்திருக்கும். நடுவுல மத்தி எதுக்கு?” என்றாள்.

அவளை மசிய வைத்தது என் பேச்சு அல்ல. மறுநாள் காலையில் தானே உதிர்ந்து கிடந்த ஒரு கொத்து மஞ்சள் இலை. கையில் எடுத்துப் பார்த்தாள். பண்ணலாம் என்றாள். ஜாடி சேச்சி வீட்டில் இருக்க வேண்டும், பொடி வாங்குகிற எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தாள். சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள், சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

“நீங்க எழுதறவர், இல்லாததைச் சொல்லலாம். நான் திங்கற சாமான் விக்கறவளாக்கும்.”

சேச்சி மீன் நறுக்க, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெல்லம் உடைத்தேன். சில வாரம் கழித்து ஜாடியைத் திறந்தபோது நாற்றத்துக்குத் தயாராக மூக்கைப் பொத்தியிருந்தேன். வந்தது பழுத்த பலாவும் கள்ளும் கலந்த வாசனை. கள்ளின் வாசனை எனக்கு எப்படித் தெரியும் என்று மனைவி கேட்டாள். வாசித்திருக்கிறேன் என்றேன்.

ஒரு வாளித் தண்ணீருக்கு அந்தச் சாற்றில் சில மூடி கலந்து ஊற்றினோம். மூன்று பீப்பாய்க்கு ஊற்றியதும், அது போதும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மழை தொடங்குவதற்குள் அந்த மூன்று மரங்களும் கரும்பச்சையாகத் துளிர்த்தன. பறித்து, உலர்த்தி, அரைப்பதற்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஃபோன் செய்தாள். களமசேரிப் பேராசிரியை சிரித்துவிட்டு இரட்டிப்பாக அனுப்பச் சொன்னார். வைட்டிலாவில் சிலருக்கு வீட்டில் திடீரென்று பழைய பொடி நிறைய மிச்சமிருந்தது. மனைவி சரி என்று வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

எல்லோரையும்விட அதிகமாகப் பொடி எடுப்பவர் பள்ளுருத்தியில் இருக்கும் கல்யாணச் சமையல்காரர். அவர் ஃபோனில் பதில் சொல்லாமல் நேரே வந்து, மாடி ஏறி, ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

“வாசனைக்கு ஒரு கொறையும் இல்லை, மாமி. ஆனா திவசத்துக்கும் சமைக்கற கையாக்கும் இது. மனசு கேக்காது.”

போயிற்று என்று நினைத்தேன். மனைவி கடைசி இரண்டு பீப்பாய்களைக் காட்டினாள். “இதுக்கு மீன் போடலை, போடவும் மாட்டேன். உங்களுக்குன்னே விட்டு வெச்சிருக்கேன். ஆனா பாருங்கோ, பட்டினியா நிக்கறது. இத்தனை வருஷமா எடுத்துண்டு மட்டும்தான் போயிருக்கேள். உங்க சமையல்கட்டுல பூசணித் தோல், வாழைத் தோல், காப்பிச் சக்கை எல்லாம் எங்கே போறது?”

“லாரில போறது” என்றார் அவர், குழப்பமாக.

“இனிமே இங்க வரட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை. இந்த வீட்டில் நான் உதவக்கூடியவன் அல்ல என்பது அவருக்கு இன்னும் தெரியாது. குப்பையை ஆட்டோவில் ஏற்றினால் டிரைவர் திட்டுவான், மழையில் ஒழுகும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். உப்புப் பட்ட சக்கை மட்டும் வேண்டாம், மற்றபடி சாக்கை இரட்டையாகப் போட்டால் ஒழுகாது என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மறுநாள் ஆட்டோ வந்து நின்றது. சாக்கை மாடிக்கு ஏற்றும் பொறுப்பு, அணுவைப் பற்றி அவ்வளவு பேசியவன் என்ற முறையில், எனக்கு வந்தது. மாடிப்படியின் மூன்றாம் திருப்பத்தில் இடுப்பு தன் கருத்தைத் தெரிவித்தது. மேலே அவள் மண்ணைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மரங்களிலும் எண்ணிவிடக்கூடிய அளவுதான் இலை. தோல் மக்கி மண்ணாகி வேருக்குப் போக மாதங்கள் ஆகும், அதுவரை இவை தாங்காமல் போனால் என்ன செய்வாய் என்று மூச்சு வாங்கியபடி கேட்டேன்.

“தாங்க வெப்பேன்” என்றாள், நிமிராமலே. “கீழே இன்னொரு சாக்கு இருக்கோல்லியோ?”

இருந்தது. இறங்கினேன்.