கட்டபெட்டு மைதானத்தின் மூன்று மீட்டர்

குன்னூரில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலைக் கல்லூரிகளின் பெண்கள் கால்பந்து லீக்குக்கும் கடைசிச் சில ஆண்டுகள் நானே செயலாளர். அந்தப் பதவியில் இருந்துகொண்டு ஓர் அநியாயம் செய்தேன்.

லீக்கில் ஆறு கல்லூரிகள். மேட்டுப்பாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்று, பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தபடி வந்து ஆட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, கோவை லீக்கில் சேர்ந்துகொண்டது. காலியான ஓர் இடத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, ஊட்டியில் செயற்கைப் புல் மைதானத்தோடு புதிதாகத் தொடங்கிய கல்லூரி. மற்றது, கட்டபெட்டுக்கு அருகே தேயிலைச் சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் ஆடும் சிறிய கல்லூரி.

கட்டபெட்டு அணி அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் மைதானத்தில் நட்பு ஆட்டம் ஆடி, நான்கு கோல் போட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்று கோல் அணித்தலைவி அடித்தவை. இறுதியாண்டு மாணவி, அம்மா கொழுந்து பறிப்பவர். லீக்கில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போக முடியும். அந்த அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பருவம்தான்.

எங்கள் கல்லூரி பல ஆண்டுகளாகக் கோப்பையை விட்டுக்கொடுத்ததில்லை. கட்டபெட்டு உள்ளே வந்தால் கோப்பை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. ஓய்வு பெறும்வரை அது என் அறையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விதிப்படி இருக்க வேண்டிய நீளத்தில் மூன்று மீட்டர் குறைந்தது.

அணித்தலைவி நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். "மூணு மீட்டர்தானுங்க சார்? கீழ ரெண்டு வரிசை செடியப் புடுங்கிக்கச் சொல்லித் தோட்டக்காரரு சொல்லீட்டாருங்க. ஒரு வாரம் குடுங்க."

கொழுந்து விடுகிற செடியைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்ல ஒரு சிறு விவசாயிக்கு எவ்வளவு மனது வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பார்வையிட்ட அன்றைய அளவுதாம்மா கணக்கு" என்றேன்.

அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியை சிரித்தபடியே கேட்டார்: "ஏனுங்க சார், இந்த டேப்பு எல்லாக் கிரவுண்டுக்கும் போகுமுங்களா, இல்ல கட்டபெட்டுக்கு மட்டும் பஸ் ஏறுமுங்களா?"

நான் நாடாவைச் சுருட்டினேன். எங்கள் கல்லூரியில் வண்டி நிறுத்தக் கொட்டகை போட்டபோது மைதானத்தில் ஒரு பகுதி போயிற்று. சுண்ணாம்புக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டவன் நானே. எங்கள் மைதானத்தில் ஏழு மீட்டர் குறைவு. செயலாளரின் மைதானத்தை யார் அளப்பார்கள்?

"தகுதியில்லை" என்று எழுதினேன். ஊட்டிக் கல்லூரி சேர்ந்தது. கோப்பை என் அறையிலேயே இருந்தது.

போன மாதம் கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கப் போனேன். சீட்டை வாங்கிப் படித்தவள் அந்த அணித்தலைவி. "சார், நல்லாருக்கீங்களா?" என்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. எங்கள் மைதானத்தின் ஏழு மீட்டரைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன்.

மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியுமுங்க சார். உங்க கிரவுண்டுல ஆடுனப்பவே தெரியும். கோல் கிக் அடிச்சா நேரா அந்தப் பக்கத்து கோலி கையில போயி உளுந்துது. எங்க கிரவுண்டுல அப்படிப் போவாது."

"அப்புறம் ஏன்மா சொல்லலை?"

"சொன்னா உங்க காலேஜையும் தூக்கிருவாங்க. உங்க புள்ளைங்க என்னங்க சார் பண்ணுச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போலீஸ் வேலைக்கு வயது தாண்டிவிட்டதாம். "எனக்கு இனி ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா எங்க காலேஜ் இன்னும் வெளியதான் நிக்குது. செடியப் புடுங்கி, கிரவுண்டு இப்ப சரியா இருக்குது. இந்த வருசம் ஃபைனல் இயர்ல ஏழு புள்ளைங்க இருக்காங்க. லெட்டர் எழுதுங்க சார்."

எழுதினேன். எங்கள் மைதானத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்றும் எழுதினேன். இப்போதைய செயலாளர் என்னிடம் படித்தவர். தொலைபேசியில் அழைத்தார். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா சார்?" என்று கேட்டார். யோசித்துத்தான் என்றேன். இந்த வியாழக்கிழமை இரண்டு மைதானங்களையும் அளக்கிறார்கள்.